நாலு குழிப் பலகை

அத்தியாயம் 6

மாலை ஐந்து மணிக்கு அமாவாசையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். இப்போது மணி பத்தரை. கையில் இருந்த ஏழு மணி நேரத்தில் அரை மணியைச் சந்திரவல்லி ஒரு ஹார்டுவேர் கடையில் செலவழித்துவிட்டாள். அவளுடைய உதவியாளன் முபினுக்கு அது பொறுக்கவில்லை.

"அக்கா, ஒரு ஆளு ஜெயிலுக்குப் போகப் போறான். நாம வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இங்க நிக்கிறோம்."

"நிக்கிறதையாவது ஒழுங்கா நில்லு. பெயிண்டு டப்பாவைத் தட்டிவிட்றாதே."

போடி கடைவீதியில் கலீபுல்லாவின் கடை பழைய கடை. அவர் முபினுக்குத் தாய்மாமன். வியாபாரத்தில் அவருக்கு இருந்த ஒரே இடைஞ்சல், வாடிக்கையாளர்கள். கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மூடர்கள் என்பது அவர் கணிப்பு. பத்தாவது ஆள் வழி கேட்க வந்தவனாக இருப்பான்.

வழக்கு இதுதான். புதன்கிழமை காலை, போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, விஜயபாண்டியின் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் மாடி வராந்தாவின் மரக் கிராதி ஒடிந்தது. அதில் சாய்ந்து நின்ற வீரையா இருபதடிப் பள்ளத்தில் விழுந்தார். தோட்டத்து ஸ்டோரில் பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தி எடுக்கிற வேலை அவருடையது. இப்போது தேனி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். ஒடிந்த மூலைக்காலுக்குள் வெள்ளை வெளேரென்று, சுவரில் ஓட்டை அடைக்கப் பூசுகிற பட்டி இருந்தது. சித்திரையில் அந்தக் கிராதிக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தவன் ராசிங்காபுரத்து அமாவாசை. இத்துப்போன மரத்துக்கு நல்ல சரக்கு வைப்பதாகச் சொல்லிவிட்டு, தெரிந்தே மலிவுச் சரக்கை அடைத்து ஏமாற்றினான் என்று எழுதி, ஜாமீன் கிடைக்காத பிரிவாகப் பார்த்துப் போட்டு, இன்ஸ்பெக்டர் மலைச்சாமி அரை மணி நேரத்தில் கேஸை முடித்துவிட்டார். அவர் அரை மணியில் முடிக்காதது மதியச் சாப்பாடு ஒன்றுதான்.

நேற்றுச் சாயங்காலம் அமாவாசையின் மனைவி ராமுத்தாய் சந்திரவல்லியைத் தேடி வந்தாள். அழவில்லை.

"அவரு குடிப்பாரு. பொய்யும் சொல்லுவாரு. ஆனா மரத்துல பொய் வேலை பாக்க மாட்டாரு. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க" என்றாள்.

சந்திரவல்லி பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நட்டம் மதிப்பிடும் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிபவள். தானே தீ வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுத எஸ்டேட் முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லோருக்கும் ஊரில் நற்சான்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். குடிப்பான் என்று சொல்லித் தொடங்கிய நற்சான்றை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. வழக்கை எடுத்துக்கொண்டாள்.

கடைக்கு ஒருவர் வந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை.

"பாய், பட்டி ஒரு கிலோ குடுங்க."

"எதுக்கு?"

"மர ஜன்னலுக்கு."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"ஜன்னல்னா ரெண்டு பக்கமும் இருக்குமே பாய்."

கலீபுல்லா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், கடை முகப்பின் மேல் கம்பியால் கட்டியிருந்த ஒரு பழைய பலகையை அவிழ்த்துக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பலகையில் கட்டைவிரல் அளவில் நாலு குழிகள்.

"ரெண்டு வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்த பலகை. பாருங்க. முதல் குழியில சுவர்ப் பட்டி வச்சேன். எங்க?"

"காணோமே."

"முதல் மழையிலயே போயிருச்சு. ரெண்டாவதுல மரத்தூளும் வெள்ளைப் பசையும். உங்க ஆசாரி செய்வாரே, அது."

இரண்டாவது குழி ஊதி, கறுத்து, பூஞ்சை பூத்திருந்தது. மூன்றாவதில் வைத்திருந்தது பீரோ, கட்டில் போன்ற உள்சாமான்களுக்கான மரப்பட்டி. அது சுருங்கி, பலகையை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது. நாலாவது குழி மட்டும் நிறைந்து, பலகையோடு பலகையாக இருந்தது. கலீபுல்லா அதில் சாவியால் கீறிக் காட்டினார். கீறல் விழவில்லை.

"இது ரெண்டு டப்பா சரக்கு. மரம் மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். இது விட்டுக்குடுக்காமப் புடிச்சுக்கிட்டே நிக்கும். ஆனா இத்த மரத்தைச் சுத்தமாச் சுரண்டணும். நல்லாக் காயவிடணும். ரெண்டு டப்பாவையும் சரியாக் கலக்கி, இறுகுறதுக்கு முன்னாடி வெரசா வச்சு முடிக்கணும். இப்பச் சொல்லுங்க, எது வேணும்?"

வெள்ளைச் சட்டைக்காரர் யோசித்தார். "வெலை கொறைஞ்சது எது?"

கலீபுல்லா சுவர்ப் பட்டியை எடை போட்டுக் கொடுத்து அனுப்பினார். "அடுத்த வருசமும் வருவாரு" என்றார் சந்திரவல்லியிடம். "நல்ல வாடிக்கை."

"அமாவாசை எதை வாங்குனாரு?"

"நாலாவது. இந்த வருசம் போடியில அதைக் கேட்டு வாங்கினது ரெண்டே பேரு. ஒருத்தன் அமாவாசை. இன்னொருத்தன் என்னன்னு தெரியாம வாங்கிட்டு, மறுநாளே திருப்பிக் கொண்டாந்துட்டான்."

"சுவர்ப் பட்டி மெட்டுக் குளிர்ல எத்தனை நாள் நிக்கும்?"

"ஆனி மாசத்து முதல் சாரல் வரைக்கும். அதுக்கு மேல நின்னா, அது பட்டியில்ல, தர்காவுல அடங்கியிருக்கிற அவுலியா."

முபின் சிரித்தான். "அக்கா, கேசு முடிஞ்சுது. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"வாங்கினான்னு தெரியுது. வச்சான்னு எங்கடா தெரியுது?" சந்திரவல்லி பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இதைக் கொஞ்சம் கொண்டு போறேன் பாய்."

"கொண்டு போங்க. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க. அது இல்லாம வர்றவங்களை நான் எதைக் காட்டித் திட்டுறது?"

*

முபினின் ஜீப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிவில் உருண்டால்தான் அது உயிர் பெறும். அதனால் அவன் எங்கே போனாலும் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துவான். சாவி என்பது வெறும் அலங்காரம்.

"இதை வித்துட்டு ஒரு கழுதை வாங்கலாம்" என்றாள் சந்திரவல்லி, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்.

"கழுதைக்கும் உங்களை மாதிரியே குணம்க்கா. ஒரு வண்டியில ரெண்டு தாங்காது."

எதிரே ஒரு ஜீப் முக்கி முனகிக்கொண்டு இறங்கியது. உள்ளே பதினாறு பேர், வெளியே தொங்கிக்கொண்டு நாலு பேர். மேலே போகப்போக மலை நரைத்தது. ஞாயிற்றுக்கிழமையோடு மழை விட்டிருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நல்ல வெயில். இன்று வியாழன், மறுபடியும் மூடுபனி.

பங்களா வாசலில் பெரிய பலகை: நூறாண்டுப் பாரம்பரிய மாளிகை, தங்கும் வசதி உண்டு. பாரம்பரியத்துக்கு ஏலக்காய்ப் பச்சையில் புது எனாமல் அடித்திருந்தார்கள். விஜயபாண்டி படியிறங்கி வந்தார். தோளில் சலவை வெள்ளைத் துண்டு, இரண்டு விரலில் மோதிரம். குரல் மட்டும் மூன்று பேருக்குப் போதும்.

"துப்பறியிற அம்மாவா? பொம்பளையா இருக்கீங்க?"

"நேத்தும் அப்பிடித்தான் இருந்தேன்" என்றாள் சந்திரவல்லி.

அவருக்குப் பின்னால் மேனேஜர் முத்துக்கண்ணன் நின்றார். ஒல்லி, கண்ணாடி, கையில் குடை. வணக்கம் சொல்லிவிட்டு, "படி வழுக்கும் மேடம், பாத்து வாங்க" என்றார்.

மாடி வராந்தாவின் மேற்கு மூலையில், முழங்கால் உயரத்துக்கு ஒடிந்து நின்ற மூலைக்கால் தார்ப்பாயால் போர்த்தியிருந்தது. கயிறு மூன்று சுற்று, மூன்று முடிச்சு.

"இந்தக் கட்டையைப் புடுங்கி ஸ்டோர் அடுப்புல போடச் சொன்னேன்" என்றார் விஜயபாண்டி. "மேனேஜர்தான் சாட்சியம் சாட்சியம்னு பொத்தி வச்சிருக்காரு. விருந்தாளி வர்ற இடத்துல பொணத்தைக் கட்டி வச்ச மாதிரி."

"போலீஸ் திரும்ப வந்து பாக்கணும்னா இருக்கணுமே முதலாளி" என்றார் முத்துக்கண்ணன்.

இந்த வழக்கில் தலைக்குள் ஏதாவது வைத்திருக்கிற முதல் மனிதர் என்று சந்திரவல்லி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக அன்று பிற்பகல் முழுவதும் அவள் தன்மேல் எரிச்சல்பட வேண்டியிருந்தது.

"வீரையா ஏன் இந்த மூலைக்கு வந்தாரு?"

"ஏன் வந்தாராவா?" விஜயபாண்டி சலித்துக்கொண்டார். "என் ஜீப்பு கீழ வளைவுல ஹாரன் அடிச்சா, வீரையா இங்க வந்து கிராதியில சாஞ்சு கையாட்டுவான். இருபது வருசமா அதே மூலைதான். தோட்டத்துல நாய்க்குக்கூடத் தெரியும். புதன்கிழமையும் ஹாரன் அடிச்சேன், வந்தான், கையாட்டினான், விழுந்துட்டான்."

"அன்னைக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவன்தான் கூப்பிட்டான். செவ்வாக்கிழமை போனு. நேர்ல வாங்க முதலாளி, போன்ல சொல்ல முடியாதுங்கிறான். லீவு கேக்கத்தான் இருக்கும். அதுக்கு முந்தின வாரம்தான் மக வீட்டுக்குன்னு ஆறு நாள் போயிட்டு வந்திருந்தான்."

சந்திரவல்லி தார்ப்பாயை அவிழ்த்தாள். ஒடிந்த வாயில் முக்கால் பங்கு வெள்ளைப் பட்டி. கால் பங்குதான் மரம். சட்டைப்பித்தானால் சுரண்டினாலே பட்டி மாவாக உதிர்ந்தது. கத்தியை எடுத்து மெல்ல வழித்தாள். அடியில் மரம் மழமழவென்று, நேர்க்கோடு கோடாக இருந்தது.

"ரம்பம்" என்றான் முபின்.

"ரம்பம்தான். இத்துப்போன மரம் கன்னாபின்னான்னுதான் ஒடியும். கோடு போட்டு ஒடியாது." அவள் நிமிர்ந்தாள். "யாரோ முக்கால்வாசி அறுத்துட்டு, பட்டியை வச்சு மூடிப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

முத்துக்கண்ணன் தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்கணும் மேடம். இத்த பாகத்தை ரம்பம் போட்டு அறுத்து எடுத்துட்டுத்தானே பட்டி வைப்பாங்க? அமாவாசை அப்பிடித்தான் செஞ்சாரு. நான் பாத்தேன்."

அது உண்மை. பெரிய சேதமென்றால் எந்த ஆசாரியும் அப்படித்தான் செய்வான். சந்திரவல்லி பலகையைத் தரையில் வைத்தாள்.

"சுவர்ப் பட்டி சாரல்ல நிக்காது. இது முதல் குழி, பாருங்க. சித்திரையில வச்ச பட்டி ஆனி, ஆடி, ஆவணி தாண்டியிருக்க முடியாது. இது புதுசா வச்சது."

விஜயபாண்டி பலகையை அருவருப்பாகப் பார்த்தார். முத்துக்கண்ணன் குடையை உயர்த்திக் கூரையைக் காட்டினார்.

"மேல பாருங்க மேடம். கூரை நாலடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரன் கட்டினது. இந்த மூலையில எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு விழாது. நாங்க மழைக்காலத்துல துணி காயப்போடுறதே இங்கதான்."

சந்திரவல்லி மேலே பார்த்தாள். நாலடி சரியாக இருந்தது.

கிராதியின் மற்றக் கால்களைப் போய்ப் பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் பட்டி வைத்த தடம் பதினோரு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் கத்திமுனையை வைத்து அழுத்தினாள். கத்திதான் வளைந்தது. பதினொன்றும் நாலாவது குழி.

"பதினோரு இடத்துல ஒழுங்கா வச்சவன் பன்னெண்டாவதுல ஏன் மாத்தி வைக்கிறான்?"

"சரக்குத் தீந்திருக்கும்" என்றார் முத்துக்கண்ணன் வருத்தத்தோடு. "கடைசிக் கால். வீட்டுக்குப் போற அவசரம். கூலியாட்கள் இருக்கிற லயத்துச் சுவருக்கு வாங்கி வச்ச பட்டி ஸ்டோர்ல கெடந்துச்சு. எடுத்து அப்பிட்டுப் போயிருப்பாரு. நல்ல மனுசன்தான் மேடம். ஆனா குடி இருக்குல்ல?"

விஜயபாண்டி சிரித்தார். "இவ்வளவுதானா உங்க துப்பு? இதுக்கு ஒரு பலகை வேற."

மணி இரண்டேகால். சந்திரவல்லி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ராமுத்தாய் இந்நேரம் கோர்ட் வாசலில் போய் நின்றிருப்பாள். சீக்கிரம் போய் நின்றால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிற ஜாதி.

முபின் குனிந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, அந்த மேனேஜரு பேசுறதைக் கேட்டா, நானே அமாவாசையைப் புடிச்சுக் குடுத்துருவேன் போல இருக்கு."

"அதுதான்டா எனக்கும் உறுத்துது. எல்லாக் கேள்விக்கும் பதில் கையிலயே இருக்கு. உண்மை சொல்றவன் கொஞ்சம் திணறணும்."

தேநீர் வந்தது. கூடவே ஒரு செம்பில் தண்ணீர். மூடுபனி வராந்தா விளிம்புவரை வந்து நின்றது. முத்துக்கண்ணன் சத்தமில்லாமல் மூலைக்குப் போய், கீழே கிடந்த தார்ப்பாயை எடுத்து உதறி, மறுபடியும் அந்தக் காலின்மேல் போர்த்தினார். கயிற்றைச் சுற்றினார். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு.

சந்திரவல்லி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் கைகளை.

"மேனேஜர் சார்" என்றாள். "இந்த மூலைக்கு ஒரு சொட்டு மழை வராதுன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"அப்ப தார்ப்பாய் எதுக்கு?"

மூன்றாவது முடிச்சு பாதியில் நின்றது.

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

"நூறு வருசம் மலையில நின்ன மரம். அதுக்கு மழையைக் கண்டு பயமில்ல. உங்களுக்கு எதுக்குப் பயம்?"

அவள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது. ஒருவன் தண்ணீருக்குப் பயந்திருக்கிறான் என்பது மட்டும் தெரியும், அது போதும். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, செம்பைச் சாய்த்தாள்.

"மேடம், சாட்சியம் கெட்டுரும்" என்று முத்துக்கண்ணன் கையை நீட்டினார். முபின் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, விடாமல் வைத்துக்கொண்டான். "சாட்சியம் தாகத்துக்குக் குடிக்குது சார். குடிக்கட்டும்."

தண்ணீர் பட்டியின்மேல் ஓடியது. முதலில் வெள்ளைக் கரைசல்தான் இறங்கியது. பிறகு, பெயிண்டுக்கும் பட்டிக்கும் நடுவிலிருந்து, கிளிப்பச்சையாக ஒரு கோடு கசிந்தது. கோடு தடித்தது. மூலைக்காலில் இறங்கி, வராந்தாவின் வெள்ளைத் தரையில் சொட்டியது.

"பெயிண்டு கரையுது" என்றார் விஜயபாண்டி.

"எனாமல் பெயிண்டு தண்ணியில கரையாது. அது கரைஞ்சா உங்க பாரம்பரியம் ஆடி மாசமே ஆத்தோட போயிருக்கும். துண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

முபின் காத்திருக்கவில்லை. மேனேஜரை விட்டுவிட்டு, முதலாளியின் தோளிலிருந்து துண்டை உருவி, அதன் நுனியை ஈரப் பட்டியில் வைத்துத் தேய்த்து, விரித்துக் காட்டினான். வெள்ளைத் துணியில் பச்சைக் கறை.

விஜயபாண்டிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போடியில் ஏலக்காய் வாங்குகிற எவனும், சரக்கில் சந்தேகம் வந்தால், வேட்டி நுனியை நனைத்துக் காயைத் தேய்த்துப் பார்ப்பான். துணி பச்சையானால் காய் மலையில் பச்சையாகவில்லை, சாயத் தொட்டியில் பச்சையானது என்று அர்த்தம். அவர் அப்பாவும் அப்படித் தேய்த்துப் பார்த்தவர்தான். அந்த மூன்று பேர் குரல் முதல் தடவையாக ஒரு ஆள் குரலாக இறங்கியது.

"ஏலக்காய்ச் சாயம்" என்றார். "என் பங்களாவுல."

"உங்க ஸ்டோர்ல இருந்து வந்தது" என்றாள் சந்திரவல்லி. "அமாவாசை அடிச்சு மிஞ்சின பெயிண்டு ஸ்டோர்ல கெடந்திருக்கும். தேறினது ஒரு பூச்சுக்குத்தான். அடியில வெள்ளைப் பட்டி பல்லைக் காட்டும். கடைக்குப் போய் வாங்கினா ஆளு தெரிஞ்சுரும். அதனால பெயிண்டுக்கு முன்னாடி பட்டிமேல கைக்கு எட்டுன பச்சையைத் தடவியிருக்காரு. ஆசாரின்னா சாயத்தை மரத்துக்கு வைக்க மாட்டான். ஏலக்காய்க்காரனுக்குத்தான் பச்சைன்னதும் அந்தப் பொடி ஞாபகம் வரும்."

"நான் சாயம் வைக்கிற ஆளில்லம்மா." விஜயபாண்டியின் குரலில் முதல் முறையாக ஒரு மரியாதை தெரிந்தது.

"தெரியுது. வீரையா மக வீட்டுக்குப் போன ஆறு நாள் ஸ்டோரை யாரு பாத்தது?"

விஜயபாண்டி திரும்பி மேனேஜரைப் பார்த்தார்.

"சூட்டைக் கூட்டி விட்டுட்டுத் தூங்கியிருப்பாரு" என்றாள் சந்திரவல்லி. "காய் பச்சை போய் வெளுத்திருக்கும். உங்ககிட்டச் சொல்லப் பயந்து சாயத்துல முக்கி எடுத்திருக்காரு. வீரையா திரும்பி வந்து, ஈரத்துணி வச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டாரு. அதான் போன்ல சொல்ல முடியாத விசயம். அந்தப் போன் பேச்சு இவரு காதுல விழுந்திருக்கும், உடனே மூலைக்காலை அறுத்து மூடிட்டாரு. நீங்க புதன்கிழமை வர்றீங்க. ஹாரன் அடிச்சா வீரையா எங்க வந்து சாய்வாருன்னு நாய்க்குக்கூடத் தெரியும்."

முத்துக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இன்னும் மரியாதையாகவே இருந்தது.

"முதலாளி சொல்லித்தான் சாயம் வச்சேன். மூலைக்காலை அறுத்ததும் அவர்தான்னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க மேடம்?"

"முதலாளி இந்தக் கட்டையை அடுப்புல போடச் சொன்னாரு. போட்டிருந்தா அமாவாசை மேல கேசே நின்னிருக்காது. உங்களுக்குக் கேசு வேணும். அதனால கட்டை இருக்கணும், ஆனா நனையக்கூடாது. இந்த உலகத்துல அந்த ரெண்டும் சேந்து தேவைப்பட்ட ஒரே ஆளு நீங்கதான்." அவள் தார்ப்பாயைக் காலால் நகர்த்தினாள். "மூணு முடிச்சு. நான்கூட உங்களை அறிவாளின்னு நெனச்சேன்."

முத்துக்கண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குடையை விட்டெறிந்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். படி வழுக்கவில்லை, அவருக்குப் பழக்கம். தோட்டத்து ஜீப் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வாசலில் நின்றது முபினின் ஜீப் மட்டும். சாவி அதிலேயே தொங்கியது. தாவி ஏறித் திருகினார். வண்டி இருமியது. மறுபடியும் திருகினார். மறுபடியும் இருமியது.

விஜயபாண்டி பதறினார். "புடிங்கய்யா, போயிரப் போறான்."

"போக மாட்டாரு" என்றான் முபின், படியில் நிதானமாக இறங்கிக்கொண்டே. "பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு வச்சிருக்கேன். கல்லை எடுக்கணும், உருட்டணும், ரெண்டாவது கியர்ல விடணும். சார், அது என் பேச்சையே கேக்காது. உங்க பேச்சையா கேக்கப் போகுது?"

அதற்குள் ஸ்டோரிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். வீரையாவோடு வேலை பார்த்தவர்கள். விஷயம் என்னவென்று அவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதுமாயிருந்தது. தார்ப்பாய்க் கயிற்றுக்கு உருப்படியான வேலை கிடைத்தது. விஜயபாண்டி ஸ்டோருக்குள் போய், துண்டின் மறு நுனியை நனைத்து, அடுக்கியிருந்த மூட்டைகளிலிருந்து காயை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். துண்டு முழுவதும் பச்சை. பிறகு இன்ஸ்பெக்டருக்கு அவரே போன் போட்டார்.

*

ஸ்டேஷனை அடைந்தபோது மணி நாலே முக்கால். அமாவாசையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாசலில் தயாராக நின்றது. கோர்ட்டில் காத்து அலுத்து, ராமுத்தாய் அங்கேயே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கட்டி இறக்கிய முத்துக்கண்ணனைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் மலைச்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் இப்பிடித்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"எழுதி வச்சிருந்தீங்கன்னா காட்டுங்க. படிச்சுத் தெரிஞ்சுக்கிறோம்" என்றான் முபின்.

வீரையா பற்றிக் கேட்டாள் சந்திரவல்லி. காலையில் எப்படியோ அப்படியே கிடக்கிறார் என்று தேனியிலிருந்து சொன்னார்களாம். கை விரல் அசைந்ததாக மகள் சொல்கிறாள். டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

அமாவாசையை வெளியே விட்டார்கள். நாற்பது வயது, இரண்டு நாள் தாடி, விரல் இடுக்கெல்லாம் பெயிண்ட். கும்பிடவில்லை, அழவில்லை. சந்திரவல்லியின் போனில் இருந்த மூலைக்காலின் படத்தைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தான். வெள்ளைப் பட்டியைப் பார்த்தான். பச்சைக் கசிவைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி கோணியது.

"இந்த வேலையையா நான் பாத்தேன்னு எழுதுனீங்க?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டான்.

"அதான் விட்டாச்சேப்பா. போ."

"குடிச்சேன்னு எழுதியிருக்கலாம். திருடுனேன்னு எழுதியிருக்கலாம். வெளிமரத்துல போய்ச் சுவர்ப் பட்டி வச்சேன்னு எழுதிட்டீங்களேய்யா. நாளைக்கு ராசிங்காபுரத்துல எவன் எனக்கு ஒரு ஜன்னல் குடுப்பான்?"

"வாங்க போவோம்" என்று ராமுத்தாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அமாவாசை நாலு எட்டு வைத்து வாசலைத் தாண்டினான். பிறகு நின்றான். ஸ்டேஷன் வாசலின் மரநிலையை மேலும் கீழும் பார்த்தான். போன மாதம்தான் பளபளவென்று நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கட்டைவிரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினான். நிலையிலிருந்து ஒரு கட்டி வெள்ளைப் பட்டி பெயர்ந்து, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மேல் விழுந்து மாவாகச் சிதறியது.

அமாவாசை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இந்த வேலையை எவன் பாத்தான்னு கண்டுபுடிச்சு அவனை உள்ள போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.